செல்விக்கும் சேர்த்து நான் தேர்ந்தெடுத்த கராத்தே வகுப்பு

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நானும் செல்வியும் கராத்தே வகுப்பு தேடிக் கிளம்பினோம். எனக்கு நாற்பத்து மூன்று வயது, அவளுக்கு முப்பத்தொன்பது. வாஷியில் ஒரே அலுவலகம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. யோசனை அவளுடையது. அதற்கு முந்தைய மாதம் மான்குர்த் ஸ்டேஷன் படிக்கட்டில் எவனோ அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். "கத்தக்கூட வரலக்கா" என்றாள். எனக்கு உடம்பு இளைக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலை 6.35க்கு வாஷியில் ஏறினேன், மான்குர்த்தில் அவள் ஏறிக்கொண்டாள். (ஞாயிறு வேண்டாம், தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக்.) ஏழு மணிக்குச் செம்பூரில் ஷோடோகான் வகுப்பு. கால்களை அகட்டி, தாழ்ந்து நிற்கும் பாணி. நாற்பது பேரும் பள்ளிப் பிள்ளைகள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு வெளியே வந்தோம்.

குர்லாவில் ரயில் மாறி சயான். அங்கிருந்து தாராவிக்குப் பதினைந்து நிமிட நடை. எட்டரை மணி வகுப்பு, தகரக் கூரை போட்ட ஒரு சமுதாயக் கூடத்தில். பாணி கோஜு-ரியு, நெருங்கி நின்று, மூச்சைக் கவனித்துச் செய்வது. பன்னிரண்டு பேரில் பாதி எங்கள் வயதுப் பெண்கள். சொல்லித்தருபவர் முத்துமாரி, வார நாட்களில் தையல் கம்பெனியில் வேலை.

அவர் செல்வியைக் கூப்பிட்டு, குத்தும்போது கத்தச் சொன்னார். முதல் தடவை காற்றுதான் வந்தது.

"வயித்துல இருந்து கத்துங்க. இங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாவ."

மூன்றாவது தடவை கூடமே திரும்பிப் பார்த்தது. செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளியே வந்ததும், "இங்கயே சேந்துருவோமாக்கா?" என்றாள்.

நான் கூடத்துக்கு வெளியே ஓடிய சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டிரெஸ் மாத்தக்கூட இடம் இல்ல. வா, மாட்டுங்காவையும் பாத்துடலாம்" என்றேன். அவள் என்னோடு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

மாட்டுங்கா அடுத்த ஸ்டேஷன்தான். பளபளக்கும் தரை, ஏசி, சுவர் நிறையச் சான்றிதழ்கள். உடம்பில் நிஜமாகவே அடிக்கும் ஃபுல் காண்டாக்ட் பாணி. அங்கேயே இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அவளைக் கேட்ட நினைவில்லை.

ஐந்தாவது வாரம், செல்வியை ஓர் இருபது வயதுப் பெண்ணோடு மோத விட்டார்கள். விலாவில் ஒரு உதை. மடங்கி விழுந்தவளிடம் பயிற்சியாளர், "உட்டோ, குச் நஹி ஹுவா" (எழுந்திரு, ஒன்றும் ஆகவில்லை) என்றார். எக்ஸ்ரேயில் விலா எலும்பில் விரிசல் தெரிந்தது. ஆறு வாரம் ஓய்வு.

அவள் அலுவலகம் திரும்பியதும் கேட்டேன்: "தாராவிக்குப் போலாமா?"

"வேண்டாம்க்கா. நமக்கு இதெல்லாம் ஒத்துவராது."

"அன்னைக்கு நீ அங்கயே சேரலாம்னு சொன்ன. நான் காதுல வாங்கல."

"தெரியும்க்கா" என்றாள். என் மேல் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நாற்பதை ஒட்டித் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தப் பாணி என்பதைவிட, உங்கள் வயதுக்காரர்கள் அங்கே எத்தனை பேர் நிலைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். மோதல் பயிற்சி எந்த மாதத்தில் தொடங்கும், யாரோடு ஜோடி சேர்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போனால், அவர் என்ன நினைக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

மாட்டுங்காவுக்குப் போவதை நானும் நிறுத்திவிட்டேன். தாராவி வகுப்பு சனிக்கிழமை எட்டரைக்கு இன்றும் நடக்கிறது. இரண்டு முறை சயான் வரை போய்த் திரும்பிவிட்டேன். செல்வி எங்கே என்று முத்துமாரி கேட்டால் என்ன சொல்வது?