மலைத் தோட்டத்தில் களையெடுப்பு

"ஊட்டியில இன்னா பார்த்தே?"

பாகூர் சந்தையில் இதுவரை பத்துப் பேர் கேட்டாகிவிட்டது. கோரை பார்த்தேன் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. நெல் வயலில் பிடுங்கி வரப்பில் எறிகிறோமே, அந்தக் கோரையைப் பார்க்கவா ரெண்டு ரயில் மாறிப் போனாய் என்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். அப்புறம் சிரியுங்கள்.

என் மகள் சைகோனில் இருக்கிறாள். மருமகனுக்கு அங்கே பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம். கப்பல் ஏறி ஆறு வருஷம் ஆகிறது. லெட்டர் வரும். நலம், நலமறிய ஆவல் என்று நாலு வரி. தை மாசம் வந்த லெட்டரில் அஞ்சாவதாக ஒரு வரி இருந்தது. "அம்மா முகம் சரியா ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

படித்துக் காட்டினேன். என் சம்சாரம் அஞ்சலைக்குத் தெருக்கோடி வரை கேட்கிற குரல். அன்றைக்கு லெட்டரை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

போட்டோதானே, எடுத்தால் போச்சு என்கிறீர்களா? எங்கள் பக்கத்தில் போட்டோ எப்போது எடுப்பார்கள்? செத்தால் எடுப்பார்கள். பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, பிள்ளைகள் சுற்றி நின்று... புதுச்சேரியிலிருந்து போட்டோக்காரர் வண்டி வந்தால் "யார் வூட்ல?" என்றுதான் கேட்பார்கள். உயிரோடு இருக்கிறவள் அந்தப் பெட்டி முன்னால் போய் உட்காருவாளா?

மகளுக்காக உட்கார்ந்தாள். புதுச்சேரி ஸ்டூடியோவில். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். படம் வந்தது. மாலை ஒன்றுதான் பாக்கி.

"இத அனுப்புனா புள்ள அங்கியே மயங்கி வுழுந்துடும்" என்றாள். கிழித்து அடுப்பில் போட்டாள்.

அப்போதுதான் மச்சான் வந்தார். அஞ்சலைக்கு அண்ணன். பாகூர் கடைத்தெருவில் வெல்ல மண்டி வைத்திருக்கிறார். புதுசாகக் கேமரா வாங்கியிருந்தார். கறுப்புப் பெட்டி. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும். ஒரு ரோலுக்கு எட்டுப் படம். ஊட்டியில் அவரிடம் வெல்லம் வாங்குகிற கடைக்காரர் வீட்டில் கல்யாணம்.

"நீங்களும் வாங்க மாப்ள. அங்க மலைத் தோட்டத்துல வெள்ளைக்காரன் தேசம் தேசமா செடி கொண்டாந்து வச்சிருக்கான். அங்க நிக்க வச்சி தங்கச்சிய எடுத்துடலாம். பூவப் பாத்துக்கினே இருக்கும். பயம் தெரியாது."

நல்ல யோசனை. கிளம்பினோம்.

எங்கள் பாகூர் பிரெஞ்சுக்காரன் சீமை. எல்லைச் சாவடியில் இங்கிலீஷ்காரன் சுங்கம். நம் பக்கத்துச் சாமான் எது போனாலும் தீர்வை. "மூட்டைக்குள்ள இன்னா?" என்றார் சேவகர். "கருவாடு" என்றாள் அஞ்சலை. பொய் இல்லை. மேலே கருவாடு, அடியில் கேமரா. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போ என்று கையை ஆட்டினார். ஊட்டி போன பிறகும் வாசனை போகவில்லை. மச்சான் பெட்டியைக் குனிந்து பார்க்கும்போதெல்லாம் முகம் சுளித்தார்.

தோட்டம் எப்படி? பெரிசு. சரிவு சரிவாகப் புல். தென்னை உயரத்துக்கு ஒரு மரம், இலையெல்லாம் மயில்தோகை மாதிரி. நமக்குக் கூரை வீடு, செடிக்குக் கண்ணாடி வீடு. ஒவ்வொரு செடியின் காலடியிலும் பேர் எழுதிய தகர போர்டு. ஊரில் பாதிப் பேர் வீட்டு வாசலில் அது கிடையாது.

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண வீட்டிலேயே ரெண்டு படம் போயிருந்தது. இங்கே மரத்தை ஒன்று எடுத்தார். கண்ணாடி வீட்டை ஒன்று. பூப்பாத்தியை ரெண்டு. மேலேயிருந்து பனி இறங்கியது... அதையும் ஒன்று எடுத்தார். பனியை எடுத்தால் படத்தில் என்ன தெரியும்?

"மச்சான், அஞ்சலைய எடுங்க."

"இருங்க மாப்ள. இன்னும் எவ்ளோ கெடக்குது."

குளத்தங்கரைக்கு வந்தோம். பெட்டியின் பின்பக்கம் இருக்கிற சிவப்பு ஓட்டையில் எட்டாம் நம்பர் நின்றது. கடைசிப் படம். வேறு ரோல் இல்லை. மத்தியானம் ரயில்.

"தே அஞ்சல, கரையில நில்லு. ஆடாத. சிரி."

நின்றாள். கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டாள். கண் மெல்ல மூட ஆரம்பித்தது.

"கண்ணத் தொறடி!"

"தொறந்துக்கினுதான் அண்ணே இருக்கிறேன்."

இல்லை. மூடித்தான் இருந்தது. இதுவும் போனால் மகளுக்கு என்ன எழுதுவேன்?

"கீழ பாரு. பூவப் பாரு" என்றேன்.

பார்த்தாள். காலடியில் பூ இல்லை. ஈர மண்ணில் வரிசையாக, பச்சைத் தண்டு, உச்சியில் குடை விரித்த மாதிரி இலை. சின்னச் சின்னதாக நட்டிருந்தார்கள். போர்டு வேறு.

முப்பது வருஷம் களையெடுத்த உடம்பு அது. கண் பார்த்தது, கை போய்விட்டது. மூளையைக் கேட்கவே இல்லை. ஒன்று. ரெண்டு. மூணு. வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, இடது கையில் சேர்த்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்தாள்.

"கோரை மண்டிப் போச்சு பாரு. இன்னா தோட்டம் பாக்கறானுங்க."

"ஏனம்மா! என்ன பண்ணிப்போட்டீங்க!" மேட்டிலிருந்து காக்கிச் சட்டைத் தோட்டக்காரர் ஓடி வந்தார். "அது கோரை இல்லீங்க. கப்பல்ல வந்த செடி. போன வாரந்தான் நட்டோம்!"

மச்சான் முந்திக்கொண்டார். "நாங்க பிரெஞ்சுக் குடிங்க. உங்க சட்டம் எங்க மேல செல்லாது."

"நீங்க பிரெஞ்சா இருங்க. செடி எங்களுது. கீழ வையுங்க. துரை பார்த்தா என் வேலை போயிரும்."

வைப்பாளா? ஒரு கையில் செடி, ஒரு கை இடுப்பில். நிமிர்ந்தாள்.

"கப்பல்ல வந்தா கோரை கோரை இல்லாம பூடுமா? எங்க வயல்ல இத ஒரு மாசம் வுட்டா நெல்லயே தின்னுடும். இதுக்குப் பேரு எழுதி போர்டு வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

மூச்சு வாங்க ஒரு நொடி நின்றாள். கண் ரெண்டும் அகலத் திறந்திருந்தது. வாய் அதைவிட.

"இப்ப அமுக்குங்க மச்சான்!"

டக்.

அப்புறம் அவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பி நட்டுக் கொடுத்தாள். நடவில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. தோட்டக்காரரும் சொல்லவில்லை. "முன்னைக்கு இப்ப நேரா இருக்குதுங்க" என்றார், மெதுவாக.

படங்கள் கழுவி வந்தன. மரத்துக்கு உச்சி இல்லை. பூப்பாத்தியில் பாதி, மச்சானின் கட்டைவிரல். பனி... வெள்ளைக் காகிதம். எட்டாவதில் அஞ்சலை. கலைந்த தலை, தூக்கிச் சொருகின புடவை, கையில் செடி, திறந்த வாய்.

"அய்யய்யோ, இத அனுப்பாதீங்க! மருமவன் பாத்தா இன்னா நெனைப்பாரு?"

அனுப்பிவிட்டேன்.

போன வாரம் பதில் வந்தது. ரெண்டு பக்கம். நடுவில் மகள் இப்படி எழுதியிருக்கிறாள்: "கவரைப் பிரிச்சதும் அம்மா கொரலு காதுல கேட்டுச்சு. என்னைத்தான் திட்டுறாங்கன்னு எழுந்து போயி, காலையிலேர்ந்து போட்டு வச்சிருந்த பாத்திரத்தை எல்லாம் கழுவிட்டு வந்துதான் படத்தை நல்லா பாத்தேன்."

அஞ்சலை ரெண்டு தரம் படிக்கச் சொன்னாள்.

"காலையிலேர்ந்து கழுவாம வச்சிருந்தாளாமா?" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவள் குரல் கடல் தாண்டி சைகோனுக்கே கேட்கிறது. ஒரே வீட்டில் இருக்கிறேனே... என் காதைப் பற்றி எவராவது விசாரித்தீர்களா?