புள்ளிக்குப் பின்னால் இரண்டெழுத்து

கொட்டாஞ்சேனை பிறெடி இருபது வருடம் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டியவர். அவருடைய மனைவி ஷெரோமிக்கு மருத்துவமனையில் உதவியாளர் வேலை. நடக்க முடியாத நோயாளிகளை மூன்று பேர் சேர்ந்து ஆட்டோவிலிருந்து தூக்கி இறக்குவதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொல்லி வருத்தப்படுவாள். கேட்டுக் கேட்டுப் பிறெடிக்கு மனம் பொறுக்கவில்லை. லொறி வேலையை விட்டார். பழைய வேன் ஒன்றை வாங்கி, சக்கர நாற்காலி உருண்டே ஏறுமாறு இரத்மலானைப் பட்டறையில் பின்பக்கம் சரிவுப்பலகை போட்டுக்கொண்டார்.

வெள்ளவத்தையில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்துதான் எல்லாம் ஒழுங்கு செய்வார்கள். அவர்களுக்காக ஓர் இணையத்தளம் வேண்டும் என்று, காலி வீதியில் அச்சகம் வைத்து, இணையத்தளமும் செய்து கொடுக்கும் நிஹ்லாவிடம் போனார்.

"பிறெடிவேன் டொட் கொம் எண்டு போடுங்க தங்கச்சி."

"அத ஆரோ எடுத்திட்டாங்க அண்ணே. டொட் எல்கே இருக்கு. உங்கட வேன் கொழும்புலதானே ஓடுது? எல்கே எண்டா இலங்கை எண்டு பாத்த உடனே விளங்கும்."

"பேர் ஒண்டுதானே, பிறகென்ன?"

"பேர் ஒண்டா இருந்தாலும் புள்ளிக்குப் பொறகு வாறது வேற எண்டா விலாசமே வேற அண்ணே. கொம்முக்குப் போற ஈமெயில் உங்களுக்கு வராது."

பிறெடி தலையாட்டிவிட்டு வந்தார். எல்கேயில் தளம் தயாரானது. ஆனால் அதை அறிவிக்கும் துண்டுப்பிரசுரத்துக்கு வாசகம் எழுதும்போது, தளத்தின் பெயரிலும் மின்னஞ்சல் விலாசத்திலும் கை பழக்கத்தில் டொட் கொம் என்றே எழுதிவிட்டது. அச்சடித்த நிஹ்லாவும் கவனிக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று நம்பரை இணையத்தளத்தில் மட்டும் போட்டிருந்தார். ஆயிரம் தாள் வெள்ளவத்தை வீடுகளுக்கும் கிளினிக்குகளுக்கும் போனது.

இரண்டு வாரமாக ஒரு மின்னஞ்சலும் இல்லை. திரும்பவும் லொறிக்கே போய்விடலாமா என்று பிறெடி யோசிக்கத் தொடங்கினார்.

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த நேரம் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். துறைமுகத்தில் பழகிய ஆங்கிலத்தில் பிறெடி பேசினார். மறுமுனையில் நியூசிலாந்துக்காரர் ஒருவர். சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் வாடகைக்கு விடுபவர். அவர் பெயரும் பிறெடி!

தனக்கு ஒன்பது மின்னஞ்சல் கடிதங்கள் தவறி வந்திருக்கின்றன என்றார் அவர். முதலில் வீண் கடிதங்கள் என்று விட்டுவிட்டாராம். கடைசிக் கடிதத்தை மட்டும் விட மனம் வரவில்லை. நோர்வேயிலிருந்து துஷாந்தினி என்ற பெண் எழுதியது. சர்க்கரை வியாதியில் கால் போன அப்பா வெள்ளவத்தையில் இருக்கிறார், திங்கட்கிழமை டயலிசிஸுக்குக் கொண்டுபோக ஆளில்லை, தயவுசெய்து பதில் போடுங்கள் என்று இருந்தது. வெள்ளவத்தை எங்கே என்று தேடி, இலங்கை என்று கண்டுபிடித்து, கொம் இருந்த இடத்தில் எல்கே போட்டுப் பார்த்திருக்கிறார். பிறெடியின் தளம் திறந்தது, நம்பரும் கிடைத்தது.

பிறெடி போனை ஷெரோமியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

ஒன்பது கடிதங்களையும் அவர் அன்றே எல்கேக்கு அனுப்பிவைத்தார்; ஷெரோமி உடனே துஷாந்தினிக்குப் பதில் போட்டாள். திங்கள் காலை துஷாந்தினியின் தகப்பன் நாகேந்திரம் நாற்காலியில் இருந்தபடியே வேனில் ஏறினார். ஏறியதும் சுற்றிப் பார்த்தார்.

"ஒருத்தரும் என்னைத் தூக்கேல்லைத் தம்பி. ரெண்டு வருசத்துக்குப் பிறகு மனுசனைப் போல போறன்" என்றார்.

மற்ற எட்டுப் பேருக்கும் ஷெரோமி மன்னிப்புக் கேட்டு எழுதினாள். அதில் ஆறு பேர் வாடிக்கையாளர்களானார்கள். கொழும்பில் சக்கர நாற்காலி வேன் தேடுகிறவர்கள் எல்கேக்குப் போகவும் என்று நியூசிலாந்துக்காரர் தன் தளத்தின் மேலேயே ஒரு வரி போட்டுவிட்டார். நன்றி சொல்லி எழுதியதற்கு, "நான் மூன்றெழுத்தை அழித்து இரண்டெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்" என்று பதில் வந்தது.

இப்போது வேனுக்கு ஓய்வில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை தவறாமல் பிறெடி கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறார். அங்கே முழந்தாளிட்டு, "பிறெடியைக் காப்பாத்தும், அந்தோனியாரே" என்பார். பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொள்வார்: "என்னை இல்லை. நியூசிலாந்துப் பிறெடியை."