எங்கள் பள்ளி ஹைஸ்கூலான விதம்

கடல் கடந்து நாங்கள் பிழைக்கப் போன ஊரில், அலோன் என்ற ஆற்றங்கரைப் பேட்டையில் இருந்த அந்த இங்கிலீஷ் பள்ளியின் வரலாற்றை விழா மலராகப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தலைமையாசிரியரான பெரிய துரையின் உழைப்பால் அது ஹைஸ்கூலாக உயர்ந்தது என்று அதில் இருக்கிறதாம். உழைப்புதான், இல்லையென்று யார் சொன்னது? மழையில் குடை பிடித்துக்கொண்டு எங்கள் சந்துக்குள் வந்து வீடு வீடாகப் பிள்ளை பிடித்தார்.

இருபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஏழாவது வரைதான் இருந்தது. தகரக் கூரை, மரச் சுவர், ஜன்னலுக்கு வெளியே அக்கரை டாலாவுக்குப் போகும் சம்பான் படகுகள். ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்த, வெள்ளைக்காரக் கலப்புள்ள சட்டைக்காரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி. அவர்களை மட்டும் வைத்துக்கொண்டால் பெஞ்சு நிறையவில்லை. பெஞ்சு நிறையாத பள்ளியைச் சர்க்கார் ஹைஸ்கூலாக்காது. அதனால் தமிழ்ப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள்.

துரை மதராஸில் பல வருஷம் இருந்தவர், தமிழ் பேசுவார். அதுதான் எங்களைக் கவிழ்த்தது. கப்பலில் பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டிய என் அப்பாவிடம், என் தலையில் கை வைத்து, "உங்க பையன் பத்தாவது நம்ம ஸ்கூல்லயே முடிப்பான். நான் பொறுப்பு" என்றார். அதற்குப் பிறகு என்னைத் துறைமுகத்தில் சேர்க்கும் பேச்சையே அப்பா எடுக்கவில்லை. நான் ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலும் அம்மாவுக்குத் திட்டு விழும். படிக்கிற பிள்ளையாம்.

நானும் துரையை நம்பினேன். அவர் நடையையும் இருமலையும் வீட்டில் நடித்துக் காட்டும் அளவுக்குப் பைத்தியமாக இருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்த அன்று என்னைத்தான் எழுப்பிப் பாடம் ஒப்பிக்கச் சொன்னார். தடங்கல் இல்லாமல் ஒப்பித்தேன். பள்ளி ஹைஸ்கூல் ஆனது. எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள்.

விடுமுறை முடிந்து எட்டாம் வகுப்புக்குப் போனபோது தமிழ்ப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தினார்கள். ஹைஸ்கூல் என்றானதும் வடக்கே ரயில் ஊர்களிலிருந்து சட்டைக்காரப் பிள்ளைகள் வந்து விடுதியில் சேர்ந்துவிட்டார்களாம். மேல்வகுப்புகள் இனி அவர்களுக்கு மட்டுமாம். நான் உள்ளே ஓடித் துரையின் அறை முன் நின்றேன். அதுவரை என்னிடம் தமிழ் பேசியவர் அன்று இங்கிலீஷில் பேசினார். இந்த ஹைஸ்கூல் உங்களால்தான் கிடைத்தது, நீ பெருமைப்பட வேண்டும் என்றார். கறிவேப்பிலையாக எடுத்துப் போட்டுவிட்டு, குழம்பு மணக்கிறதே, சந்தோஷப்படு என்கிற மாதிரி.

மறுவாரமே கப்பலில் துரு தட்டப் போனேன். அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் துரையை அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. "எடமில்லன்னா அவரு என்னடா செய்வாரு? எடம் வந்தா கூப்புடுவாரு" என்பார்.

அடுத்த வருஷம் கூப்பிட்டார். பள்ளிப் பியூன் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "பையன நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பச் சொன்னாரு தொரை" என்றான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டு இரவல் கேட்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அவர் போனதும் பியூன் என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இன்ஸ்பெக்டர் வர்றாருப்பா. ஆஸ்டல் புள்ளைங்க பாதிப் பேரு காச்சல்ல கெடக்கு. ஒரு நாளைக்குத்தான்."

போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். காலையில் அப்பா வேலைக்குப் போகாமல், தன் கையாலேயே எனக்கு எண்ணெய் தடவித் தலை சீவிவிட்டு, பள்ளி வாசல்வரை கூடவே வந்தார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? உள்ளே போய், என்னைப் போலவே கூப்பிட்டிருந்த தமிழ்ப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். துரை என்னைக் காட்டி, எங்கள் பிள்ளை என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். இன்ஸ்பெக்டரின் வண்டி தெருமுனை திரும்பியதும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்பா வாசலில் காத்திருந்தார்.

"நீ உள்ள இருக்கறப்பவே தையக்காரன்கிட்ட ஒனக்கு ஒரு கோட்டு சொல்லிட்டேன்டா. வா, அளவு குடுத்துட்டுப் போயிடலாம். தெனமும் எரவல் கேக்க முடியுமா?"