கடைசிப் பெட்டி வராத கொலைப் படம்

இன்று உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் போனில் ஒரு பழைய கொலைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தபோது, எங்கள் டென்ட் கொட்டகைக்குக் கடைசி ரீல் பெட்டி வராமல் பாதியில் நின்றுபோன அதே படம்.

"டாக்டர்தாண்டா கொன்னான்" என்றேன் அன்று.

"போடா, டிரைவரு. அவன் முழியே செரியில்ல" என்றான் சிநேகிதன் முனுசாமி.

போன மாசியில் அவன் சாகும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை.

பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கேட்டேன். "கொன்னது யாருங்க?"

"சொல்லிட்டா இன்னா இருக்குது பெரியவரே? பத்து நிமிசம் பாத்துக்கினு வாங்க."

எலவனாசூர்கோட்டையில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை.

கொன்றது சமையல்காரம்மா. அவளை நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, ரெண்டு பேரும் தோற்றோம் என்று சொல்ல ஆளில்லாமல் திரும்பி நடந்தேன்.

பாட்டே இல்லாத, மழையும் ரத்தமுமான படம். கட்டாயம் பாருங்கள். பேர் கேட்காதீர்கள், எனக்குப் படிக்கத் தெரியாது; போஸ்டரைப் படித்துச் சொன்னவன் முனுசாமிதான்.

நீங்களும் அந்தக் காலத்துக் கொலைப் படம் ஒன்று சொல்லுங்கள். முடிவு வேண்டாம், உங்கள் சந்தேகம் யார்மேல் என்று மட்டும் சொல்லுங்கள். நான், "அவன் இல்லை" என்பேன்.

இது நான் பேசப் பேச போன் எழுதியது. நீங்களும் பேசியே அனுப்புங்கள்.