கிங்ஸ்பரியில் ஊதிய மெழுகுதிரிகள்

2009 ஒக்டோபர், சனிக்கிழமை. காலை 11.10க்கு லூயிஷாமில் ரயில் ஏறினேன். கிங்ஸ்பரியில் புத்தகக் கூட்டம் ஒரு மணிக்குத்தான். திருத்த வேலைக்குப் பாதையை மூடிவிடுவார்களோ என்று முன்னதாகவே புறப்பட்டேன். ஆறு மணிக்குள் கேக்கோடு வீடு திரும்ப வேண்டும். மகளுக்கு அன்று எட்டு வயது நிறைகிறது. கனரி வோர்ஃபில் மாறினேன். பாதை திறந்திருந்தது. அப்படியானால் திரும்பும்போது மூடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

12.25. கிங்ஸ்பரி நிலைய வாசலில் சிவம் அண்ணை நின்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து வீடுகளுக்குத் தரை ஓடு பதிப்பவர்கள்.

"ஒன்பதாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தாலை ஓடினனி, புத்தகக் கூட்டத்துக்கு வாறியோ?" என்று கேட்டார்.

"ரோஷன் அம்மா கூப்பிட்டவ. போகாட்டி என்ன நினைப்பா?"

"ஒண்டும் நினையா. சமோசா மிஞ்சும்."

ரோஷன் என்பது அவருடைய பெயர், 'அம்மா' நாங்கள் சேர்த்தது. பம்பாய்ப் பார்சி. லண்டனில் நாற்பது வருடம். அவருடைய குசினிக்கு ஓடு பதித்தது நாங்கள்தான். அவர் எழுதிய நாவல் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் தன் ஆட்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்.

மண்டபம் பத்து நிமிட நடை. நுழைவு இரண்டு பவுண், தேநீரோடு. முப்பது பேர் இருந்தார்கள். எங்களைத் தவிர எல்லோரும் பார்சிகள். பேச்சு ஆங்கிலத்தில். எனக்கு விளங்கியதை என் தமிழில் தருகிறேன்.

கதையில் ஒரு பார்சிப் பையன் பிறந்தநாள் மெழுகுதிரிகளை ஊதி அணைக்கிறான். முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார்.

"நிப்பாட்டு, ரோஷன். நெருப்பிலை மூச்சுப் படக்கூடாதெண்டு எங்கடை குருமார் வாயை மூடித் துணி கட்டுறவை. நீ வாயாலை ஊத விடுறாய்!"

ரோஷன் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எழுதேக்கை எனக்கு அது நினைவே வரேல்லை, பெஹ்ராம்."

"வெட்டு அதை. நாங்கள் இருக்கிறதே கொஞ்சப் பேர். உலகம் உன்ரை புத்தகத்தைப் பாத்துத்தான் எங்களை அறியப்போகுது."

"உன்ரை பேரனும் போன மாசம் ஊதினவன். நீயும்தானே கைதட்டினாய்?"

பின்வரிசையில் சிரித்தார்கள். கிழவர் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. ரோஷன் அம்மா பென்சிலால் ஏதோ எழுதி, வாசித்தார்: "அவன் ஊதினான். தடுக்க எழும்பிய தாயின் கை பாதியில் நின்றது."

"தடுத்திருக்கலாம்," என்றார் கிழவர்.

"ஓம். ஆனா தடுக்கேல்லை."

கிழவர் பென்சில் எழுத்தை எட்டிப் பார்த்தார். "சரி, அந்தக் கை இருக்கட்டும்," என்று உட்கார்ந்தார்.

சமோசா மிஞ்சவில்லை.

3.40க்கு ரயில். பாதையை மூடவில்லை. கேக் பன்னிரண்டு பவுண், மடியிலேயே வைத்திருந்தேன். நாங்களும் குத்துவிளக்கைப் பூவால்தான் அணைப்போம், வாயால் ஊதமாட்டோம். ஏழு பிறந்தநாள் கொண்டாடிவிட்டோம். கேக்கின் மேல் எரிவதும் நெருப்பென்று எனக்கு ஒருமுறையும் தோன்றியதில்லை.

5.35க்கு வீடு. எட்டுத் திரிகளையும் கொளுத்தினோம். மகள் கன்னத்தை உப்பினாள்.

"என்னப்பா, கையை எடுங்கோ," என்றாள் மனைவி, கமராவுக்குப் பின்னாலிருந்து. "பிள்ளையின்ரை முகத்தை மறைக்குது."