அரிசியில் பதித்த கை

போன வாரம் ஒரு பெண் காகிதக் கட்டோடு வந்து கதவைத் தட்டினாள். வீட்டில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, யாருக்கு என்ன வயது, யார் எதற்குச் செலவு செய்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். யார் அனுப்பியது என்றேன். சோப்புக் கம்பெனி என்றாள். நான் நம்பவில்லை. சோப்புக்காரனுக்கு என் வயது எதற்கு? வாசலோடு அனுப்பிவிட்டேன்.

அப்புறம் சிரிப்பு வந்தது. காகிதமே இல்லாமல் இந்த வேலையைச் செய்தவன் நான். யுத்தகாலத்தில், திருத்தணியில் மலைப்படிக்குப் போகிற தெருவில் ஒரு மளிகைக் கடையில் எனக்கு வேலை. ஆள் வரும்போதே என்ன கேட்பார் என்று சொல்லிவிடுவேன். மீசை அரும்புகிறவனுக்குச் சிகரெட். கிழவருக்கு மூக்குப்பொடி. நடுவயது ஆண்கள் விலை கேட்காமல் வாங்கிப் போய் வீட்டில் திட்டும் வாங்குவார்கள். பெண்கள் புளியைக் கிள்ளி, மிளகாயை முகர்ந்து, பாதிப் பேர் வாங்காமலே போவார்கள். முதலாளி என் காதில் சொல்வார்: "பொம்பளைங்க வந்தா மொகத்தப் பாக்காதடா, மடியப் பாரு." கடையின் பெருங்காய வாசனையோடு அந்தச் சந்தேகமும் என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

வீட்டில் மூன்றே பேர். நைனா, நான், கல்யாணமாகி ஏழு மாதமான என் மனைவி. அவள் ஆர்.கே.பேட்டையில் தறி வீட்டுப் பெண். அரிசிக்குக் கண்ட்ரோல் இருந்த நேரம். பானையில் அரிசி மட்டும் சமையலுக்கு மிஞ்சிக் குறைந்துகொண்டே வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையில் அன்றைய சமையலுக்கு அளந்து எடுத்ததும் மீதி அரிசியைச் சமன்படுத்தி, மேலே என் கையை அழுத்திப் பதித்துவிட்டுப் போனேன். சாயங்காலம் பார்த்தால் கை அப்படியே இருக்கிறது, அரிசி இறங்கியிருக்கிறது! எத்தனை கெட்டிக்காரி என்று மனதுக்குள் கறுவினேன். அப்பன் கையும் மகன் கையும் ஒரே அளவு என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஒருநாள் அவள் கை நிறையப் புது வளையல்.

"ஏது?"

"பக்கத்து வூட்டுக்கு நூல் சுத்திக் குடுத்தேங்க. அந்தக் கூலி."

"அப்ப அரிசி எங்க போவுது? மடிய உதறு."

நைனாவின் முன்னால்தான் சொன்னேன். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். அவள் மடியை உதறினாள். ஒன்றும் விழவில்லை. ஆனாலும் மறுநாள், கரியில் ஓடும் பஸ்ஸில் அவளைத் தாய்வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்துக் காப்பி ஓட்டல்காரர் கடைக்குப் பருப்பு வாங்க வந்தார். "உங்க நைனாகிட்ட சொல்லு, இந்த வாரம் குடுத்த அரிசியில கல்லு அதிகம்" என்றார். தினமும் ஒரு ஆழாக்கு அரிசிக்கு நைனாவுக்கு ஒரு காப்பியும் இரண்டு மசால்வடையும். கிழவருக்கு மூக்குப்பொடி என்று வைத்திருந்த என் கணக்கில் வடை இல்லவே இல்லை.

வெட்கத்தோடு பேட்டைக்குப் போய் நின்றேன். "உனக்குத் தெரியுமா?"

"ஆங். தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அவரு மடியையும் உதறச் சொல்லியிருப்பீங்க."

கூடவே வந்துவிட்டாள். சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். அன்றிலிருந்து தனக்கென்று ஒரு பொருளையும் அவள் கையால் வாங்கவில்லை. தெருவில் வளையல்காரர் குரல் கேட்டால் வாசலுக்கு வருவாள். அவர் தோளிலிருந்து மலாரத்தை இறக்கி வளையல்களைக் காட்டுவார். நிதானமாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அவரு வாங்கியாருவாரு" என்று அனுப்பிவிடுவாள்.

வாங்கிவந்தேன். நாற்பது வருஷம் வளையல், புடவை, பவுடர் எல்லாம் நானே வாங்கிவந்தேன். எதைக் கொடுத்தாலும் "நல்லாத்தான் கீது" என்று வாங்கிக்கொண்டாள். இப்போது மலாரக்காரர்கள் தெருவில் வருவதில்லை. அவளும் போய்விட்டாள். அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.