குடிக்காமல் வைத்த கோப்பி

இதை எழுத நான் யார் என்ற கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. நம் மாதப் பூசையில்கூட நான் குசினிக் கதவோடு ஒட்டித்தான் இருப்பேன். தேவாரம் பாடச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் நம் சிற்றேட்டைத் தட்டச்சுச் செய்யும் தங்கச்சி விடவில்லை. "அக்கா, எங்களுக்குக் கதைச்ச மாதிரியே எழுதித் தாங்கோ, பிழையள நான் பாக்கிறன்" என்றாள். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முந்திய கந்தசஷ்டி. நாங்கள் சிட்னிக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. என் கூடப்பிறந்த தங்கை, காரில் இரண்டு நாள் தூரத்தில், புரோக்கன் ஹில்லில் இருந்தாள். அவளுடைய கணவருக்கு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. அவளுக்குத் தலைப்பிள்ளை, பிள்ளைப்பேற்று மாதம், கூட இருக்க ஒரு பெண் துணையும் இல்லை. அதனால் விரத நாளென்றும் பாராமல் நானும் என் கணவரும் காரில் புறப்பட்டோம். நான் ஆறு நாளும் விரதம். கடைசி நாள் தண்ணீரும் வாயில் வைப்பதில்லை. அது என் அம்மாவிடமிருந்து வந்த வழக்கம்.

என் கணவருக்கு நீரிழிவு. தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட வேண்டும். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் சீனி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, கண்டபடி பேசுவார். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

விரதத்தின் கடைசி நாள் அது. பெரிய றோட்டில் வெள்ளம் என்று சொல்லி எங்களைப் பக்கத்து மண் பாதையில் திருப்பி விட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டை அடுத்த ஊரில் பார்ப்போம் என்றிருந்தோம். ஊர் வரவில்லை. சிவப்பு மண்ணும் முழங்கால் உயரப் புதரும்தான் வந்தன. பின்னேரம் கார் மணலில் புதைந்தது. என் கணவர் சில்லைச் சுற்றித் தோண்டினார், தள்ளினார், மறுபடி தோண்டினார். அந்த வேலையே அவருடைய உடம்பில் இருந்த கொஞ்சச் சீனியையும் கரைத்துவிட்டது. குளுக்கோஸ் பொட்டலத்தை முதல் நாள் தங்கிய அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். காருக்குள் கிடந்த இரண்டு டொபியைக் கொடுத்தேன். அது எந்த மூலைக்குக் காணும்?

சட்டை நனைய வியர்த்தது. "முருகா" என்று நான் முணுமுணுத்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

"உன்ர முருகன் வந்து தள்ளுவாரோ? வேலைக் கொண்டு வரச் சொல்லு, மண்ணைக் கிண்டலாம்."

அது அவர் பேச்சில்லை. சீனி இறங்கிய பேச்சு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மனிதர் இல்லை, போனிலும் சிக்னல் இல்லை. நான் காருக்குப் பின்னால் போய் மண்ணில் முழங்காலிட்டேன். எனக்கு நீண்ட பிரார்த்தனை தெரியாது. "அப்பனே, எனக்கு ஒருவரிடமும் கேட்கத் தெரியாது. உன்னிடம் மட்டும்தான் கேட்பேன். இவரைத் தா" என்றேன். அவ்வளவுதான்.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. பூசை மணி போல, விட்டு விட்டு, தாளத்தோடு. எனக்குத்தான் புத்தி மாறிவிட்டதோ என்று பயந்தேன். "கேக்குதோ?" என்று அவரைக் கேட்டேன். அவரும் தலையை ஆட்டினார். அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு சத்தம் வந்த பக்கம் நடந்தேன். சிறு மேடு ஒன்றைத் தாண்டியதும் இழுத்துச் செல்லும் வீடு போன்ற ஒரு கரவன் வண்டியும், அதன் பக்கத்தில் கறுப்பு ஆட்டு மயிரில் நெய்த நீளமான கூடாரமும், ஒரு பட்டி ஆடுகளும் தெரிந்தன. கூடார வாசலில் நீண்ட அங்கி போட்ட ஒருவர் பித்தளை உரலில் கோப்பிக்கொட்டை இடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம்தான் மணி.

அவர்கள் ஜோர்தான் நாட்டுப் பாலைவனத்தில் மந்தையோடு இடம் மாறி இடம் மாறி வாழும் பெதுயீன் மக்கள் என்று பிறகு அறிந்தேன். இங்கே காட்டாடு பிடித்துக் கப்பலில் ஏற்றும் ஒருவரிடம் அவருக்கு வேலை. அந்த முதலாளி கரவனைக் கொடுத்திருந்தும் அதில் சாமானை வைத்துவிட்டுக் கூடாரத்தில்தான் குடியிருந்தார்கள். மூத்த மகனின் பெயரால் அவரை அபு சாலிம் என்றும் மனைவியை உம் சாலிம் என்றும் அழைப்பார்களாம்.

எங்களைக் கண்டதும் அவர் எழுந்து நெஞ்சில் கை வைத்தார். யார், எங்கிருந்து, ஏன் என்று ஒன்றுமே கேட்கவில்லை. கம்பளம் விரித்து, என் கணவருக்குச் சாய ஒரு திண்டு வைத்தார். உடைந்த ஆங்கிலத்தில் சாப்பாடு வேண்டுமா என்று மட்டும் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நோ, நோ, தாங்க்யூ" என்றேன். பிறத்தியார் வீட்டில் முதலில் வேண்டாம் என்று சொல்லிப் பழகிய வாய். என் புருஷனுக்கு உயிர் போகிற நேரத்திலும் அதே வாய் அதையே சொன்னது.

அபு சாலிம் கோப்பியை ஊற்றி முதலில் தான் ஒரு வாய் குடித்தார். பிறகு என் கணவருக்குக் கொடுத்தார். பிடியில்லாத சின்னக் கோப்பை, ஏலக்காய் மணம். இவர் ஆவலாக வாயில் வைத்தார். ஒரு துளி சீனி இல்லை, வேம்பு போலக் கசப்பு. முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை நேராக இல்லை; கண் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

எனக்கும் ஒரு கோப்பை வந்தது. விரதம். குடிக்க முடியாது. வேண்டாம் என்று மறுபடி சொல்லவும் வெட்கம். வாங்கி, குடிக்காமல், எனக்கு முன்னால் கம்பளத்தில் வைத்தேன்.

அபு சாலிம் அப்படியே நின்றார். கெண்டியைக் கீழே வைத்தார். எனக்கு முன்னால் வந்து மண்டியிட்டு இருந்தார். நான் மரியாதைக் குறைவாக எதையோ செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"கேள்" என்றார். "என்ன வேண்டும், கேள். என்னிடம் இருந்தால் அது உன்னுடையது. பிறகு குடி."

அவர்கள் வழக்கத்தில், வந்த விருந்தாளி கோப்பியைக் குடிக்காமல் முன்னால் வைத்தால் அவருக்கு ஒரு பெரிய வேண்டுதல் இருக்கிறது என்று அர்த்தமாம். அதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தால்தான் விருந்தாளி குடிப்பாராம். இது எனக்கு எப்படித் தெரியும்? நான் விரதத்துக்காக வைத்தேன். அவர் என் மனதில் இருந்ததைப் படித்தது போலக் கேட்டார்.

என் வாயில் ஆங்கிலம் வரவில்லை. "சீனி" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. என் கணவரைக் காட்டி, அழுதுகொண்டே, "சக்கரை, சக்கரை" என்றேன்.

கூடாரத்தை இரண்டாகப் பிரித்த திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "சுக்கர்?"

அவர்கள் பாஷையிலும் ஏறத்தாழ அதே சொல்தான். உம் சாலிம் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். என் கணவரின் நெற்றியைத் தொட்டார். தன் புருஷனை அரபியில் ஏதோ ஏசினார். மனிதன் வாடி வந்திருக்கிறான், கசப்பை ஊற்றுகிறாயே என்றுதான் இருந்திருக்கும். அடுப்பில் அவருடைய தேநீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. அதில் பாதி சீனிதான். சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஆற்றி, என் கணவரின் தலையைப் பிடித்துத் தானே பருக்கினார். பிறகு பேரீச்சம்பழம். பிறகு இன்னொரு குவளை.

கொஞ்ச நேரத்தில் என் கணவரின் கண் என்னிடம் திரும்பி வந்தது.

"இஞ்சேரும்" என்று எப்போதும் போல என்னைக் கூப்பிட்டார். "இன்னொண்டு கேட்டால் தருவினமோ?"

நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது.

அபு சாலிம் என் கோப்பையைக் காட்டி, இனிக் குடி என்றார். வானத்தைக் காட்டி, வாயைப் பொத்தி, விரதம் என்று விளக்கினேன். அவருக்கு விஷயம் புரிந்தது. தொடையில் தட்டிச் சிரித்து மனைவியிடம் சொன்னார். உம் சாலிம் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் நோன்பு மாதம் உண்டல்லவா. என் கன்னத்தைத் தடவி, எனக்கு முன்னால் இருந்த பேரீச்சம்பழத் தட்டை எடுத்து மறைவில் வைத்தார். எங்களுக்கு விருந்து வைக்க ஆடு அடிக்கப் போன புருஷனையும் தடுத்தார். அன்றிரவு அந்தப் பெண் என் பக்கத்திலேயே படுத்தார். எங்களுக்குள் ஒரு பாஷையும் இல்லை. என் போர்வை விலகினால் இழுத்துவிட்டார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் வீட்டுக்கு யார் வந்தாலும் ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. முதலில் தேத்தண்ணி. சாப்பாடு வேண்டாம் என்று சொல்கிறவருக்குத்தான் முதலில் தட்டு வைக்கிறேன். அந்த வேண்டாமின் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்கவும் கொஞ்சம் பழகியிருக்கிறேன். என்னைப் போலக் கேட்கக் கூச்சப்படுகிற யாராவது இதைப் படித்தால், பயப்படாமல் முருகனிடம் சொல்லுங்கள். வாய் திறக்க முடியாவிட்டால் கோப்பையைக் கீழே வைப்பது போல அவன் முன்னால் வைத்துவிடுங்கள். அவனே உங்கள் முன்னால் வந்து இருந்து, கேள் என்பான்.

மறுநாள் காலை அந்தக் கூடாரத்தில், சாம்பலில் சுட்ட ரொட்டியோடும் ஆட்டுப்பாலோடும் விரதம் முடிக்கும் என் பாறணை நடந்தது. கோப்பியும் குடித்தேன். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டுமாம். அது தெரியாமல் நான் குடிக்கக் குடிக்க அபு சாலிம் ஊற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் உம் சாலிம் என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிவிட்டார். பிறகு அவர்களுடைய லொறி எங்கள் காரை மணலிலிருந்து இழுத்தது. பின்னேரம் புரோக்கன் ஹில் போய்ச் சேர்ந்தோம். தங்கைக்கு இன்னும் பேற்று நோவு தொடங்கியிருக்கவில்லை.